புல்வெளியில் அறுபத்திரண்டு வீடுகள்

இல்லாத ஊர்களுக்கு வரைபடம் வரைவதைவிட உன்னதமான தொழில் இந்தப் பூமியில் இன்னும் தோன்றவில்லை. மருத்துவர் ஊசி போட்டால் நோயாளி கத்துகிறார். பொறியாளர் பாலம் கட்டினால் ஆறே மாதத்தில் நிருபர் வந்து விரிசலைப் படம் எடுக்கிறார். இல்லாத ஊருக்கு வரைபடம் வரைபவரை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அந்த ஊர் மக்கள் மனு கொடுப்பதில்லை. தண்ணீர் லாரி வரவில்லை என்று குடத்தோடு சாலையில் உட்காருவதில்லை. அவ்வளவு நாகரிகமானவர்கள்.

இந்தத் தொழிலில் கோட்டூர்புரத்துக் கயல் இருபத்து நான்கு வயதிலேயே உச்சியைத் தொட்டிருந்தாள். படித்தது பி.எஸ்ஸி. இயற்பியல். பேசுவது அபூர்வம். கல்லூரி வாய்மொழித் தேர்வில் பெயர் கேட்டபோது எழுதிக் காட்டியவள். அப்படிப்பட்டவளுக்கு வாயைத் திறக்காமல் செய்யக்கூடிய தொழில் ஒன்று வாய்த்ததை விஞ்ஞானத்தின் கருணை என்றுதான் சொல்ல வேண்டும்.

அவள் வரைந்தது மேசையில் ஆடும் சாகச விளையாட்டுகளுக்கு. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில், அடையாறில் ஒரு காபிக் கடையின் மாடியில், வங்கியிலும் மென்பொருள் கம்பெனியிலும் பொறுப்பான பதவி வகிக்கும் ஐந்தாறு பேர் கூடுவார்கள். ஒருவர் மந்திரவாதி ஆவார். இன்னொருவர் கோடாரி வீரர். கதையை நடத்திச் செல்பவர் 'கேம் மாஸ்டர்'. "கதவை உதைக்கிறேன்" என்பார் கோடாரி வீரர். இருபது முகம் கொண்ட பகடையை உருட்டுவார். எண் போதாவிட்டால் கதவு திறக்காது, கால் சுளுக்கிக்கொள்ளும். வார நாள்களில் நானூறு பேருக்கு உத்தரவு போடுபவர், சுளுக்கிய காலோடு ஒரு மணி நேரம் மூலையில் உட்கார்ந்திருப்பார். இவ்வளவும் நடக்க மேசை நடுவே ஒரு வரைபடம் வேண்டும்.

ஒன்றல்ல, இரண்டு. இதுதான் இந்தத் தொழிலின் வேதம். ஆடுபவர்களுக்கு 'பிளேயர் காப்பி'. அதில் சாலை, கோட்டை, ஆறு, புல்வெளி. கேம் மாஸ்டருக்கு 'மாஸ்டர் காப்பி'. அதில் அவற்றோடு பொறி எங்கே, பூதம் எங்கே தூங்குகிறது, எந்த ஊர் மாயத்தால் மறைக்கப்பட்டிருக்கிறது எல்லாம். ஆடுபவர் கண்ணில் மாஸ்டர் காப்பி பட்டுவிட்டால் ஆட்டம் போச்சு. எனவே மேசையில் யார் என்ன கேட்டாலும், மறைந்திருப்பதைப் பற்றி வரைபடக்காரர் மூச்சு விடக்கூடாது. கயல் இந்த விதியை மீறியதே இல்லை. மீறுவதற்குப் பேச வேண்டுமே.

சித்தார்த்தன் அவளிடம் 'நீலாற்று நாடு' என்ற புதிய கதைக்கு வரைபடம் கேட்டான். முப்பது வயது, கட்டை விரலில் மோதிரம், அடையாறு மாடியின் தலைசிறந்த கேம் மாஸ்டர். "ஒரு ஆறு வேணும் கயல். வளைஞ்சு வரணும். கரையில ஒரு சின்ன ஊர். மத்தது உன் கற்பனை" என்றான்.

கற்பனைக்கு அவள் வெகுதூரம் போகவில்லை. அவள் வீடே ஆற்று வளைவில்தான் இருந்தது. அம்மா கெங்கம்மா காசிமேட்டிலிருந்து மீன் கொண்டுவந்து பாலத்தடியில் விற்பவள். அப்பா இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி வீடு. விஞ்ஞானம் படித்தவள் என்பதால் கயல் எதையும் குத்துமதிப்பாகச் செய்வதில்லை. தன் வீட்டு வாசலில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு புள்ளி வைத்து, அதைப் பூஜ்யம் என்று கொண்டு, அங்கிருந்து எட்டு வைத்து நாலு பக்கமும் அளந்தாள். சந்துகள், அடிபம்பு, மாதா கூண்டு, மாரியம்மன் மாடம், இஸ்திரி வண்டி, ஒவ்வொரு வீடும். எண்ணிப் பார்த்தாள். அறுபத்திரண்டு. பெருவெள்ளம் சுவர்களில் விட்டுப்போன கறைக்கோட்டையும் அளந்தாள்.

குடியிருப்பை ஒட்டிய பெரிய மதிலுக்கு அந்தப் பக்கம் 'ஆற்றங்கரை மனமகிழ் மன்றம்' இருந்தது. டென்னிஸ் மைதானம், நீச்சல் குளம், ஓய்வுபெற்ற கனவான்கள். ஆற்றின் பழைய எல்லைக்கல் அந்த மைதானத்தையும் தாண்டி நிற்பதைக் கயல் மதில் ஓட்டை வழியாகக் கண்டாள். கல் சொன்னபடி பார்த்தால் கனவான்கள் இத்தனை நாளும் ஆற்றுக்குள் டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தார்கள். அறிவியல் நேர்மையோடு அதையும் மாஸ்டர் காப்பியில் குறித்தாள்: 'நீர்ப்பூதத்தின் குளம். உள்ளே நுழைபவர் பகடை உருட்டுக. பத்துக்குக் கீழே விழுந்தால் மூழ்குவர்.' குடியிருப்புக்குக் 'குறளர் கிராமம்' என்று பெயர் வைத்தாள்.

சித்தார்த்தனுக்குப் பிடித்துவிட்டது. ஒரே ஒரு திருத்தம் சொன்னான்.

"குறளர் கிராமத்தை பிளேயர் காப்பில மறைச்சிடு. நாலாவது வாரம்தான் அவனுங்க கண்டுபிடிக்கணும்."

"அந்த இடத்துல என்ன போட?"

"புல்லு. புல்லப் பாத்தா எவனும் சந்தேகப்பட மாட்டான்."

கயல் லேப்டாப்பில் வீடுகளை மட்டும் தனி அடுக்காக வரைந்திருந்த லேயரை அணைத்தாள். ஒரு சொடுக்கு. அறுபத்திரண்டு வீடுகள் போய்ப் பச்சைப் புல் வந்தது. தூசி எழவில்லை. யாரும் மண்ணை வாரித் தூற்றவில்லை. இவ்வளவு சுத்தமாக வேலை நடந்து அந்த ஆறு பார்த்ததே கிடையாது.

முதல் பக்கம் பிளேயர் காப்பி, இரண்டாம் பக்கம் மாஸ்டர் காப்பி என்று ஒரே கோப்பாக அனுப்பிவைத்தாள். ஆற்றுமுகத்தில் அழகுக்காக ஒரு கடல்நாகமும் வரைந்திருந்தாள்.

சித்தார்த்தன் வார நாள்களில் வெறும் சித்தார்த்தன் அல்ல. 'நதிக்கரைப் பொலிவு ஆணையம்' என்ற மாபெரும் அமைப்பின் ஆலோசகன். நதிக்கரையைப் பொலிவாக்குவதற்கு முன் கரையில் என்னென்ன இருக்கிறது என்று கள ஆய்வு செய்து வரைபடம் தரும் பொறுப்பை ஆணையம் அவனிடம் கொடுத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அவன் களத்துக்கு ஒரு முறை போனான். வண்டி நிறுத்த இடம் கிடைக்கவில்லை. திரும்பிவிட்டான்.

ஒரு திங்கட்கிழமை காலை கயலைப் போனில் அழைத்தான். "கயல், ஒரு மீட்டிங். லேப்டாப் ஓட்ட ஆள் வேணும். நீ பேசவே வேணாம்."

கடைசி வாக்கியம் அவளுக்குப் பிடித்திருந்தது. போனாள்.

தி. நகரில் ஆணையத்தின் கூட்ட அறை. ஒன்பது உறுப்பினர்கள், ஒன்பது மெதுவடைத் தட்டுகள். தலைமையில் ஸ்ரீனிவாசராகவன். மயிலாப்பூர்க்காரர், நாற்பதாண்டு அரசுப் பணியில் ஒரு கோப்பைக்கூடத் தாமதப்படுத்தாதவர், ஏனென்றால் எதையும் படித்ததில்லை. மூலையில் பதிவேட்டோடு வெள்ளைத்துரை. கூட்டத்தில் பேசுவதை எழுதுவதும், எழுதியதைச் சுவர்களில் ஒட்டுவதும் அவர் வேலை.

கயல் லேப்டாப்பைத் திறந்தாள். திரையில் நீலாற்று நாடு விரிந்தது. தலைப்பு மட்டும் மாறியிருந்தது: 'கோட்டூர்புரம் நதிக்கரை: கள ஆய்வு வரைபடம்.'

அவள் சித்தார்த்தனைப் பார்த்தாள். "சும்மா டெமோ கயல். ஒரிஜினல் அப்புறமா மாத்திடுவேன்" என்று அவன் கிசுகிசுத்தான்.

ஸ்ரீனிவாசராகவன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையை ஆராய்ந்தார். "ஆறு கடல்ல சேர்ற இடத்துல பாம்பு மாதிரி என்னமோ இருக்கே?"

"பல்லுயிர்ப் பெருக்கம் சார்" என்றான் சித்தார்த்தன்.

"ஓஹோ. அளவுகோல்ல காதம்னு போட்டிருக்கே?"

"பாரம்பரிய அளவை சார்."

"பேஷ்! நம்ம பாரம்பரியத்தை விட்டுடப்படாது." பிறகு அவர் விரல் வளைவுக்கு வந்து நின்றது. "இங்கே பச்சையா இருக்கே?"

"புல்வெளி சார்."

அறையில் ஒன்பது வாய்களும் ஒரே கணத்தில் மெல்லுவதை நிறுத்தின. உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"புல்வெளி மட்டுமா? வேற ஒண்ணும் இல்லையோ?" ஸ்ரீனிவாசராகவன் மெதுவாகக் கேட்டார்.

"மேப்ல ஒண்ணும் இல்ல சார்."

"மேப்ல இல்லேன்னா இல்லதான்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து வைத்தார். இனி அது தேவைப்படாது என்பதுபோல. மெல்லும் ஓசை மீண்டும் எழுந்தது.

கயல் வாயைத் திறந்தாள்.

"பொண்ணு என்னமோ சொல்ல வராளே?" என்றார் ஸ்ரீனிவாசராகவன்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்கு மறைந்திருப்பதைச் சொல்லக்கூடாது. தவிர இது டெமோ. தவிர ஒன்பது பேர் பார்க்கிறார்கள்.

"ஒண்ணுமில்ல சார்" என்றாள்.

பதினோரு நிமிடத்தில் வரைபடம் ஏற்கப்பட்டது. சித்தார்த்தன் கோப்பை அச்செடுத்து வைத்தான். இரண்டு தாள். மாஸ்டர் காப்பி ஆடுபவர்கள் கைக்கே போவதைக் கண்டு கயல் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். வீணாகப் பயந்தாள். ஸ்ரீனிவாசராகவன் முதல் தாளில் பச்சை மையால் கையெழுத்திட்டார். இரண்டாவது தாளைப் பார்க்காமலே, மூலையை மட்டும் தூக்கி, அதிலும் கையெழுத்திட்டார். மயிலாப்பூரில் எந்தக் கடையில் காபித்தூள் நன்றாக வறுக்கிறார்கள் என்பதைப் பற்றிய அவர் பேச்சு இடையில் ஒரு அசைகூடத் தடைபடவில்லை. வரைபடம் வரைந்த பெண்ணுக்குப் பன்னிரண்டாம் தேதி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பாராட்டுச் சான்றிதழ் வழங்குவதென்றும் தீர்மானமாயிற்று. வாசகத்தை ஆணையமே அன்றே எழுதி அச்சுக்கு அனுப்பியது.

ஒரிஜினல் மாற்றப்படவே இல்லை. மாற்றுவதற்கு ஒரிஜினல் என்று ஒன்று இருந்தால்தானே.

வியாழக்கிழமை வெள்ளைத்துரை பசை வாளியோடு ஆற்றங்கரைக்கு வந்தார். கையில் வரைபடத்தின் நகல். மேலும் கீழும் திருப்பிப் பார்த்தார். கெங்கம்மா வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"யக்கா, இங்க புல்லு எங்க கீது?"

"இன்னா நைனா, மாடு மேய்க்க வந்தியா?"

"நோட்டீசு ஒட்டணும்க்கா. புல்லாந்தரைக்குன்னு குட்த்து வுட்டாங்க. புல்லுல எப்டி ஒட்றது? ஒரு செவுரு இருந்தா தேவல."

"என் செவுத்துல ஒட்டேன். இன்னா எழுதிக்கீது?"

வெள்ளைத்துரை தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்: "'இப்பகுதியில் குடியிருப்புகள் எவையும் இல்லையென வரைபடத்தால் உறுதிசெய்யப்பட்டுள்ளமையால், எவருக்கும் மாற்றிடம் வழங்கும் அவசியம் எழாத நிலையில், பதினான்காம் தேதி முதல் புல்வெளியைச் சமன்செய்யும் பணி தொடங்கும்.'"

கெங்கம்மா அரிவாள்மனையிலிருந்து எழுந்தாள். "வூடே இல்லன்னு எழுதி என் வூட்டுச் செவுத்துலயே ஒட்டுவியா?"

"வேற செவுரு இல்லியேக்கா."

"போன வருசம் அக்கரைல கீறவங்கள லாரில ஏத்தி ஊருக்கு வெளில தள்ளுனாங்க. பஸ்ஸு இல்ல, மார்க்கெட் இல்ல. ஆனாலும் பேருக்கு ஒரு வூடு குட்தாங்க. நமக்கு அதுவும் இல்லியா?"

"இல்லாதவங்களுக்கு எப்டிக்கா வூடு குடுப்பாங்க?" வெள்ளைத்துரைக்கே சங்கடமாக இருந்தது. "இயந்திரம்லாம் சொல்லி வெச்சிட்டாங்க. பதினாலு காலைல வந்துரும்."

"செரி, ஒட்டு. ஒட்டிட்டு உள்ள குந்து. இல்லாத வூட்ல ஒரு வாய் துன்னுட்டுப் போ. மீன் தல கொழம்பு."

இந்தச் சத்தத்தில் கயல் வெளியே வந்தாள். வெள்ளைத்துரையின் கையிலிருந்த தாளில் ஒரு கடல்நாகம் அவளைப் பார்த்து நாக்கை நீட்டியது.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, வாழ்க்கையிலேயே மிக நீளமான பேச்சாக, நடந்ததையெல்லாம் அம்மாவிடம் சொன்னாள். கெங்கம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள். அது நல்ல அறிகுறி அல்ல.

"ஆக, இத்த நீதான் வரஞ்ச."

"ஆமாம்மா."

"நம்ம வூடெல்லாம் எங்க?"

"மறைச்சிருக்கேன்."

"எதுல?"

"மாயத்துல."

"அடியே! நெலத்துக்காக ரவுடிய அனுப்பிக்கீறானுங்க, போலீச அனுப்பிக்கீறானுங்க. ஒருத்தனாலயும் ஆவல. நீ ஏசி ரூம்ல குந்திக்கினு ஒரு பட்டனைத் தட்டி முடிச்சிட்ட. இதுக்காடி உன்னக் காலேஜுல சேத்தேன்?"

வெள்ளைத்துரை குழம்புக்கு நடுவே தலைதூக்கினார். "பாப்பா, ரெண்டாவது தாள் ஒண்ணு கீது. நோட்டீசுக்கு நகல் எடுக்கறப்ப அதையும் சேத்து எடுத்துட்டேன். பொடிப்பொடியா எழுத்து. எவனும் படிக்கல." பையிலிருந்து எடுத்து நீட்டினார். மாஸ்டர் காப்பி. மூலையில் பச்சை மையின் நகல், கையெழுத்து, முத்திரை.

கெங்கம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். அடிபம்பைக் கண்டுபிடித்தாள். இஸ்திரி வண்டியைக் கண்டுபிடித்தாள். "இது ஏஞ்சலு வூடு. இது கோபாலு வூடு. நம்ம வூடு எங்கடி?"

"இந்தப் புள்ளிம்மா. இங்க நின்னுதான் மத்ததெல்லாம் அளந்தேன்."

"மொத்தம் எத்தினி போட்டுக்கீற?"

"அறுபத்திரண்டு."

"நம்மளச் சேத்தா?"

கயல் அந்தப் புள்ளியிலிருந்து விரலை எடுத்துக்கொண்டாள். ஒரு விஞ்ஞானி தன் பூஜ்யத்தை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை.

"நல்லா கீது" என்றாள் கெங்கம்மா. "ஊரையே எண்ணிட்டு சொந்த வூட்ட வுட்டுட்டா."

மறுநாள் கயல் தி. நகருக்குப் போனாள். ஸ்ரீனிவாசராகவன் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். "வாம்மா, வா! உன் மேப்பை ஃபிரேம் போட்டு எங்காத்துல மாட்டியிருக்கேன். அந்தப் பல்லுயிரை ஆத்துல எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சு."

"சார், நான் அங்கதான் சார் இருக்கேன்."

"எங்கே?"

அவள் மேசைமேல் கிடந்த வரைபட நகலில் புல்லின்மேல் விரலை வைத்தாள்.

"புல்லு மேலயா?" அவர் உண்மையான கவலையோடு அவளைப் பார்த்தார். "ஆட்சேபணை இருந்தா அதுக்குப் படிவம் இருக்கு. முகவரி எழுதணும். அந்த முகவரி ஏற்கப்பட்ட வரைபடத்துல இருக்கணும். உன் முகவரி இருக்கோ?"

கயல் பக்கத்தில் நின்ற சித்தார்த்தனைப் பார்த்தாள்.

"கயல், பிளேயர் காப்பி டேபிளுக்கு வந்தாச்சு" என்றான் அவன். "நடுவுல மாத்தினா ஆட்டம் போச்சு. இது உன் ரூல்தானே?"

அவளுடைய ரூல்தான். பையில் இருந்த மாஸ்டர் காப்பியை அவள் வெளியே எடுக்கவில்லை. மூன்று பேர் இருக்கும் அறையில் எடுத்தால் அது மூன்று பேரோடு போய்விடும் என்று முதல்முறையாக அவளுக்குத் தோன்றியது.

பன்னிரண்டாம் தேதி காலை, மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் ஆற்றங்கரை மனமகிழ் மன்றத்தின் அரங்கில் கூடியது. மக்களுக்குச் சிரமம் இருக்கக்கூடாதென்று, மக்கள் உள்ளே வர அனுமதியில்லாத இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வாயிலில் காவலாளி தடுத்தார்.

"யாரும்மா நீங்கள்லாம்?"

"நாங்க இல்லாதவங்க" என்றாள் கெங்கம்மா. "மேப்புல எங்க எடத்துல புல்லுதானே கீது. புல்லு காத்துல பறந்து உள்ள வந்துச்சுன்னு எழுதிக்க." அவள் பின்னால் மொத்தக் குடியிருப்பும் நின்றது. இல்லாதவர்களைத் தடுப்பதற்கு உத்தரவு எதுவும் இல்லாததால் காவலாளி விலகிக்கொண்டார்.

மேடையில் ஸ்ரீனிவாசராகவன், சித்தார்த்தன், பதிவேட்டோடு வெள்ளைத்துரை. கருத்து உண்டா என்று சம்பிரதாயமாகக் கேட்டார்கள். கயல் எழுந்தாள். மைக்குக்கும் அவளுக்கும் இடையே முப்பது எட்டுத் தூரம். அளந்துகொண்டே போனாள்.

அவள் முதலில் ஒரு பகடையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இது என்னம்மா?"

"இந்த இடத்துக்குள்ள வந்தவங்க இத உருட்டணும் சார். நீங்க கையெழுத்துப் போட்ட விதி."

நாற்பதாண்டு காலம் கையெழுத்துக்குக் கட்டுப்பட்ட கை தானாக நீண்டது. பகடை உருண்டு நின்றது. மூன்று.

"மூழ்கிட்டீங்க சார்" என்றாள் கயல். இரண்டாவது தாளை அவர் முன் விரித்தாள். "ஏற்கப்பட்ட வரைபடம், பக்கம் ரெண்டு. நாம இப்ப இருக்கறது நீர்ப்பூதத்தின் குளம். எல்லைக்கல் அங்க, டென்னிஸ் கோர்ட்டுக்கு அந்தப் பக்கம். மதிலுக்கு அந்தாண்ட புல்லு இல்ல சார். அறுபத்திரண்டு வீடு."

அரங்கில் பின்வரிசை கைதட்டியது. முன்வரிசைக் கனவான்கள் சிலர் கால்களை லேசாகத் தூக்கிக்கொண்டார்கள்.

"இது கற்பனை!" என்றார் ஸ்ரீனிவாசராகவன்.

"ரெண்டு பக்கமும் கற்பனைதான் சார். ஒரே கை வரைஞ்சது. நீங்க மொதல் பக்கத்த மட்டும் நம்புனீங்க."

சித்தார்த்தன் கட்டை விரல் மோதிரத்தைக் கழற்றி மாட்டினான். ஸ்ரீனிவாசராகவன் தண்ணீர் குடித்தார். ஆனால் அனுபவம் என்று ஒன்று இருக்கிறதே. அவர் எழுந்து, கம்பீரமாகச் சொன்னார்:

"வெள்ளைத்துரை, பதிவு பண்ணிக்கோ. அந்த இடத்துல ஒரு வீடு, ஒரு குடும்பம் இருக்குன்னு இந்த நிமிஷம் வரைக்கும் ஆணையத்துல ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா விட்டிருப்போமோ? எல்லாம் வரைபடத்தை நம்பி நல்லெண்ணத்துல நடந்தது. தெரியாம நடந்ததைக் குத்தம்னு எந்தச் சட்டமும் சொல்லாது. பக்கம் ரெண்டு ரத்து. பதினாலாம் தேதி வேலை நடக்கும்."

வெள்ளைத்துரை எழுதினார். அரங்கம் அடங்கிப்போனது. கெங்கம்மாகூட உட்கார்ந்துவிட்டாள். தெரியாது என்பவரை என்ன செய்ய முடியும்?

நிகழ்ச்சி நிரலில் அடுத்த இனம் பாராட்டுச் சான்றிதழ். நிரலில் அச்சான ஒன்றைத் தவிர்த்த வரலாறு ஆணையத்துக்கு இல்லை. சித்தார்த்தன் சட்டமிட்ட சான்றிதழைக் கயலின் கையில் திணித்தான். புகைப்படக்காரர் படம் எடுத்தார். முன்வரிசை பழக்கதோஷத்தில் கைதட்டியது.

அவள் மேடையிலிருந்து இறங்கப்போனாள்.

"அதுல இன்னா போட்டுக்கீது?" கெங்கம்மாவின் குரல் பின்வரிசையிலிருந்து வந்தது. "உன்னப் பத்தி எழுதிக்கீறதுதானே? மைக்குலயே படி கயலு. ஊரே கேக்கட்டும்."

கயல் திரும்பிப்போய் மைக் முன் நின்றாள். படித்தாள்.

"'கோட்டூர்புரம் நதிக்கரையின் பொலிவுக்கு நெடுங்காலமாக இடையூறாக இருந்துவந்த அறுபத்து மூன்று குடியிருப்புகளை, ஒரு செங்கல்லும் பெயராமல், ஒரு குரலும் எழாமல், ஒருவருக்கும் மாற்றிடம் வழங்க நேராமல், வரைபடத்திலேயே அகற்றித் தந்த செல்வி கயல் அவர்களின் ஒப்பற்ற பணியை ஆணையம் மனமாரப் பாராட்டுகிறது.'"

முன்வரிசை கைதட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்தியது.

"எத்தினி?" என்று கேட்டாள் கெங்கம்மா.

"அறுபத்து மூணும்மா."

"நீ அறுவத்திரெண்டுதானே போட்ட?"

"ஆமா. நம்ம வீட்ட விட்டுட்டேன்."

கெங்கம்மா நாற்காலிகளை விலக்கிக்கொண்டு மேடையருகே வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை. "சாரே, பெத்த பொண்ணே எண்ண மறந்த வூடு அது. நீ ஞாபகமா எண்ணி வெச்சிக்கீறியே."

ஸ்ரீனிவாசராகவன் கண்ணாடியைத் தேடினார். அது மூக்கில்தான் இருந்தது. குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "வெள்ளைத்துரை, இதைப் பதிவு பண்ணாதே."

"பண்ணிட்டேன் சார்" என்றார் வெள்ளைத்துரை, பேனாவை மூடியபடி. "முன்ன சொன்னீங்களே, ஒருத்தருக்கும் தெரியாதுன்னு? அதுக்கு நேர் கீழ. ஒரே பக்கத்துல."